பள்ளித் தச்சுப் பட்டறை: அறையைச் சீராக்குவதும் முதல் நான்கு வேலைகளும்

பள்ளியில் பயன்படாமல் கிடக்கும் ஓர் அறை, ஆட்டம் கண்ட சில மேசைகள், ஒரு பெட்டி நிறையத் துருப்பிடித்த உளிகளும் ரம்பங்களும். உங்களிடம் இருப்பது இவ்வளவுதான் என்றாலும் போதும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தச்சு வேலையும் எளிய தொழில்நுட்பமும் கற்றுத்தர விரும்பும் ஆசிரியருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

கொஞ்சம் பணம் கிடைத்ததும் மனம் இயந்திரக் கடையைத்தான் தேடும். அதைத் தள்ளிப்போடுங்கள். அறை, மேசை, கருவியின் கூர், பிறகு வேலை என்ற வரிசையை மாற்றாதீர்கள். பிள்ளைகள் செய்யும் முதல் பொருள்கள் பட்டறையின் பயன்பாட்டுக்கே ஆகட்டும். முதன்முறை ரம்பம் பிடிக்கும் பிள்ளை கோணலாகத்தான் அறுக்கும். அந்தக் கோணல் பட்டறைக்குள் இருந்தால் யாருக்கும் குறையில்லை. தான் செய்த தாங்கியின் மேல் வைத்து ஆண்டு முழுதும் அறுக்கும்போது, அது எதற்காக அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

## அறை

1. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுக் கழுவுங்கள். பழைய பெயின்ட் அடித்த மரத்துண்டுகளைத் தனியே ஒதுக்குங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அவற்றை இழைக்கவோ தேய்க்கவோ கூடாது.

2. மின் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். எல்லா பிளக்குக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச், வாசலருகே, ஆசிரியரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தரையில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயரை இந்த அறைக்குள் அனுமதிக்காதீர்கள்.

3. மேசைகளை ஜன்னல் பக்கம் போடுங்கள். இரண்டு மேசைகளுக்கு நடுவே மூன்றரை அடி இடம் விடுங்கள். ரம்பம் இழுக்கும் முழங்கை பின்னால் நிற்பவரை இடிக்காமலிருக்க அவ்வளவு தேவை.

4. மரத்தைத் தரையில் அடுக்காதீர்கள். செங்கல் மேல் அரை அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால் கரையான் ஏறுவது கண்ணில் படும். பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வையுங்கள். காற்றோட்டம் கிடைக்கும், பலகையும் வளையாது.

5. துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்துங்கள். நுண்ணிய மரத்தூள் காற்றில் எழுந்து மூச்சில் போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. ஈரத் துணியால் துடையுங்கள். முடிந்தால் வேக்குவம் கிளீனர் வாங்குங்கள். உப்புத்தாள் தேய்க்கும் வேலையை வராந்தாவில், என்95 முகக்கவசத்துடன் வைத்துக்கொள்ளுங்கள்.

## மேசை

ஆடும் மேசையில் நேராக அறுக்க யாராலும் முடியாது. பழைய மேசைகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டை முனையோடு முனை சேர்த்து, கால்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துப் போல்ட் போடுங்கள். 18 மி.மீ. பிளைவுட் ஒன்று, 8 அடிக்கு 4 அடி, மரக்கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாங்குங்கள். இரண்டையும் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அடியிலிருந்து திருகாணி போட்டால் 8 அடி நீளம், 2 அடி அகலம், 36 மி.மீ. கனத்தில் ஒரு பட்டறை மேசை கிடைக்கும். பக்கத்துக்கு இருவராக நான்கு பிள்ளைகள் நிற்கலாம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு மர வைஸ் போதும். மற்றவர்களுக்கு ஜி கிளாம்ப் கொடுங்கள்.

உயரம் பார்க்க ஒரு வழி: பிள்ளை நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடட்டும். மேசையின் மேல்தளம் மணிக்கட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரே வகுப்பில் உயர வேறுபாடு அரை அடிக்கு மேல் இருக்கும் என்பதால், உயரமான பிள்ளைக்கு ஏற்றபடி மேசையை அமைத்து, மற்றவர்களுக்குக் காலடியில் படிப்பலகை கொடுப்பதே எளிது. அந்தப் படிப்பலகை நம் மூன்றாவது வேலை.

ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் மேசைக்கு அனுப்பாதீர்கள். பதினாறு பேருக்கு மேல் ஒருவரால் கண்காணிக்க முடியாது. மற்றவர்கள் வரைபடம் போடட்டும், அளக்கட்டும், உப்புத்தாள் தேய்க்கட்டும்.

## கூர்

மழுங்கிய உளிதான் விரலை வெட்டும். மழுங்கிய உளிக்கு அழுத்தம் அதிகம் தேவை. அழுத்தம் அதிகமானால் உளி மரத்தை விட்டு வழுக்கும். வழுக்கிய உளி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே எல்லா உளிகளையும் இழைப்புளித் தகடுகளையும் நீங்கள் தீட்டி முடித்திருக்க வேண்டும்.

1. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பக்கத்தில் தீ வேண்டாம்.
2. உளியின் சரிவில்லாத பின்பக்கத்தைச் சாணைக்கல்லில் படுக்கவைத்து, நுனி ஓர் அங்குலம் வரை பளபளப்பாகும்படி தேயுங்கள். பலர் தாண்டிச் செல்லும் படி இது. பின்பக்கம் தட்டையாக இல்லாவிட்டால் முன்பக்கத்தை எவ்வளவு தீட்டியும் கூர் வராது.
3. சரிவு 25 பாகை இருக்கட்டும். நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுங்கள். 30 பாகையில் சீவிய மரத்துண்டு ஒன்றைக் கல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கை கோணத்தைப் பழகிவிடும்.
4. நுனியின் பின்பக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டுப்படும்வரை தீட்டுங்கள். பிறகு பின்பக்கத்தை ஒரே ஒருமுறை படுக்கையாக இழுத்துப் பிசிறை எடுங்கள்.
5. பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, அதில் பின்னோக்கி மட்டும் பத்துமுறை இழுங்கள்.

கூர் வந்ததா என்று கட்டை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் முன் ஒருபோதும் காட்டாதீர்கள். ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து உளியால் வெட்டிக் காட்டுங்கள்.

கவனம்: மின்சாரச் சாணையில் பிடிக்கும்போது நுனி நீலமாக மாறினால் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்க வேண்டும். ரம்பத்துக்கு அரம் போடும் வேலையை ஊரில் உள்ள தச்சரிடம் ஒப்படையுங்கள்; அவர் பல் விலக்குவதைப் பிள்ளைகள் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பல் நுனி மட்டும் கறுத்திருக்கும் புதுவகை ரம்பங்களுக்கு அரம் ஏறாது.

## மரம்

மர அறுவை மில்லில் கழிவாகப் போகும் ரீப்பர், சட்டத் துண்டுகளே தொடக்கத்துக்குப் போதும். வேம்பும் பூவரசும் கைக்கு இணக்கமானவை. பதப்படுத்தாத ரப்பர் மரம் சீக்கிரம் உளுத்துவிடும்.

தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேக்கிங் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் அதன்மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கிய மரம், பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் பூச்சி நீக்கியது, பள்ளிக்கு வேண்டாம். முத்திரையே இல்லாத, எண்ணெயோ ரசாயனமோ படிந்த பலகையும் வேண்டாம். ஆணிகளைப் பிடுங்கியபின் காந்தத்தை மேலே ஓடவிட்டுப் பாருங்கள். முறிந்து உள்ளே தங்கிய ஓர் ஆணி இழைப்புளித் தகட்டைப் பாழாக்கிவிடும்.

தச்சரிடமோ மரக்கடையிலோ பேசும்போது அங்குலமும் நூலும்தான் பேச்சு. எட்டு நூல் ஓர் அங்குலம். பாடப்புத்தகத்தில் மில்லிமீட்டர். பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியட்டும். ஆனால் ஒரு பொருளை ஒரே அளவில் தொடங்கி அதே அளவில் முடியுங்கள்.

## வேலை 1: அறுப்புத் தாங்கி

மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டு, அறுக்கும் துண்டு நகராமல் பிடிக்கும் பலகை இது. அளத்தல், அறுத்தல், மூலைமட்டம் பார்த்தல், ஒட்டுதல், துளையிடல் எல்லாம் இந்தச் சிறு பொருளில் வந்துவிடுகின்றன. மேசைக்கு நான்கு வேண்டும்.

தேவை: 18 மி.மீ. பலகை அல்லது பிளைவுட் 30 × 20 செ.மீ. ஒன்று, 4 × 2 செ.மீ. ரீப்பரில் 18 செ.மீ. நீளத் துண்டுகள் இரண்டு; மரப்பசை; 6 மி.மீ. கனத்தில் சீவிய மூங்கில் ஆணிகள் நான்கு. இரும்புத் திருகாணி வேண்டாம். சில மாதங்களில் ரம்பம் பலகைக்குள் இறங்கும். அப்போது பல் இரும்பில் படக்கூடாது.

1. குறித்தல். ரீப்பரில் மிக நேரான பக்கத்தைத் தேர்ந்து பென்சிலால் அடையாளம் போடச் சொல்லுங்கள். மூலைமட்டத்தின் கட்டை எப்போதும் அந்தப் பக்கத்தையோ அதன் சதுரப் பக்கத்தையோ ஒட்டியே இருக்க வேண்டும். கோட்டை நான்கு பக்கமும் சுற்றிப் போடுங்கள். தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேர்ந்தால் குறித்தது சரி.

2. அறுத்தல். கழிக்கப்போகும் பக்கத்தில் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். ரம்பம் கோட்டை ஒட்டி, பெருக்கல் குறி உள்ள பக்கத்தில் இறங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று இழுப்பு பின்னோக்கி மட்டும். பள்ளம் விழுந்தபின் முன்னும் பின்னும். ஆள்காட்டி விரல் ரம்பத்தின் பக்கவாட்டில் நீண்டிருக்கட்டும். முழங்கை, மணிக்கட்டு, ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். முடியும் தறுவாயில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிராய் பிய்ந்து வரும்.

3. தேய்த்தல். 80ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120. தாளை ஒரு கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

4. பசையில்லாமல் வைத்துப் பார்த்தல். ஒரு கட்டை பலகையின் மேல், எதிர் விளிம்பை ஒட்டி. மற்றது அடியில், நம் பக்க விளிம்பை ஒட்டி. மேல்கட்டையில் வலப்பக்கம் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். வலக்கைக்காரர் அங்கே அறுப்பார். ரம்பம் மேசையைத் தொடாது. அடிக்கட்டையில் இடைவெளியை இடப்பக்கம் விடுங்கள். பலகையை முன்பின்னாகப் புரட்டினால் இடக்கைப் பிள்ளைக்கும் அதே தாங்கி ஆகிவிடும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கையால் அறுக்கச் சொல்லவே கூடாது.

5. ஒட்டுதல். மெல்லிய ஒரே சீரான படலமாகப் பசை. கிளாம்ப் முறுக்கும்போது கட்டை வழுக்கி நகரும். பாதி முறுக்கியபின் மூலைமட்டத்தை வைத்து மறுபடி பாருங்கள். பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு பாடவேளை கிளாம்பில் இருக்கட்டும். மறுநாள் வரை அதைத் தொட வேண்டாம்.

6. மூங்கில் ஆணி. அடுத்த வகுப்பில், கட்டைக்கு இரண்டாக 6 மி.மீ. துளை, ஆழம் 30 மி.மீ. ஆழம் தெரிய டிரில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளைக்குள் பசை விட்டு ஆணியைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, நீட்டியிருப்பதை அறுத்துச் சமமாக்குங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்: கோட்டின் மேலேயே அறுத்துத் துண்டு சிறுத்துப்போவது, மேல்கட்டை பலகையின் விளிம்புக்குச் சதுரமாக இல்லாமல் ஒட்டிவிடுவது (இனி அதில் அறுக்கும் எல்லாமே கோணும் என்பதால் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்), இரண்டு கட்டையையும் ஒரே முகத்தில் ஒட்டிவிடுவது.

## வேலை 2: கருவிப் பலகை

12 மி.மீ. பிளைவுட், 4 அடிக்கு 3 அடி. கருவிகளை அதன்மேல் பரப்பி, எது எங்கே என்று முடிவுசெய்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்து, உள்ளே அழுத்தமான நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கருவி இல்லாத இடம் தூரத்திலிருந்தே தெரியும். பலகை நிறைந்தால்தான் வகுப்பு கலையும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு கணக்கெடுக்கும் வேலையைப் பிள்ளைகளே செய்துகொள்வார்கள்.

உளிகளை ஆணியில் தொங்கவிடாதீர்கள். துளையிட்ட தாங்குசட்டம் ஒன்று செய்து, நுனிக்கு முன்னால் ஒரு மறைப்புப் பட்டை அடித்துவிடுங்கள். கனமான கருவி கீழ்வரிசையில் இருக்க வேண்டும். வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையின் கைக்கு மேல்வரிசை எட்ட வேண்டும்.

## வேலை 3: படிப்பலகை

60 × 40 செ.மீ. தளம், 10 செ.மீ. உயரம். திருகாணி போடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. எட்டாம் நம்பர் திருகாணிக்கு மேல்பலகையில் 4.5 மி.மீ. துளை, அடிச்சட்டத்தில் 3 மி.மீ. துளை. மேல்துளை தாராளமாக இருந்தால்தான் திருகாணி இரண்டையும் இறுக்கி இழுக்கும். துளையே போடாமல் முறுக்கினால் சட்டம் பிளந்துவிடும். பலகையின் வெட்டுமுனையில், அதாவது நார் முடியும் முகத்தில், திருகாணி பிடிப்பதில்லை, பக்கவாட்டில் போடுங்கள்.

தளம் அடிச்சட்டத்துக்கு வெளியே 2 செ.மீ.க்கு மேல் நீளக்கூடாது. ஓரத்தில் மிதித்தால் கவிழும். பழைய டயர் டியூபை வெட்டி அடியில் ஒட்டினால் வழுக்காது. முடிந்ததும் முதலில் நீங்கள் ஏறி நின்று, நான்கு ஓரத்திலும் எடையை மாற்றிப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் என்ற ஆசிரியர் பள்ளித் தச்சுக்கு ஒரு முறை வகுத்தார். வேலைகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினார்; செய்வது எதுவானாலும் அன்றாடம் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்றார். உங்கள் பள்ளிக்கு ஏற்ற வேலைகளை நீங்கள் சேர்க்கும்போதும் இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

## வேலை 4: மேசை விளக்கு

மரமும் மின்சாரமும் சேரும் முதல் வேலை. 12 வோல்ட்டுக்கு மேல் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. அடாப்டரைக் கடையில் வாங்குங்கள். அதைப் பிரிக்க வேண்டாம். பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் அங்கேயே கிடைக்கும்.

1. மீட்டருக்கு 60 பல்புகள் கொண்ட 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையில் ஒரு மீட்டர் எடுங்கள். சிறிய பல்புகள் கொண்ட வகைக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5 வாட் ஆகும். 1 ஆம்பியர் அடாப்டர் போதும். பெரிய பல்பு வகை இதைப்போல் மூன்று மடங்கு இழுக்கும். அதற்கு 2 ஆம்பியர் வாங்குங்கள்.
2. பட்டையை அச்சிட்ட வெட்டுக்கோட்டில் மட்டும் வெட்டுங்கள். மூன்று பல்புக்கு ஒரு கோடு இருக்கும்.
3. மரச்சட்டத்தில் பொருத்துமுன் சிவப்பைக் கூட்டல் குறியிலும் கறுப்பைக் கழித்தல் குறியிலும் இணைத்து எரியவிட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் முதலில் வயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.
4. சட்டத்தில் அலுமினியச் சேனல் அடித்து அதன்மேல் பட்டையை ஒட்டுங்கள். நேரே மரத்தில் ஒட்டினால் சூடு வெளியேறாது, பசையும் விட்டுவிடும்.
5. வேலை செய்பவரின் கைநிழல் கோட்டின் மேல் விழாதபடி, ரம்பம் பிடிக்காத கைப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி மாட்டுங்கள்.

சால்டரிங் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

## இயந்திரங்கள்

கட்டடவேலை நடக்கும் இடங்களில் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டி, அதைப் பலகையில் தலைகீழாகப் பொருத்தி மேசை ரம்பமாக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிள் கிரைண்டரிலும் அதே பிளேடை மாட்டுகிறார்கள். பழகிய தச்சருக்கே விரல் போகும் ஏற்பாடு இது. பள்ளி வளாகத்துக்குள், வெளியிலிருந்து வரும் தச்சர் செய்தாலும், இரண்டையும் அனுமதிக்காதீர்கள்.

முதலில் வாங்க வேண்டியது பேட்டரி டிரில். அடுத்து ஸ்டாண்டில் நிற்கும் டிரில். ஜிக்சா ஒன்பதாம் வகுப்புக்கு மேல், ஒரு நேரத்தில் ஒருவர், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

இயந்திரத்தை நெருங்குமுன் பார்க்க வேண்டியவை: துப்பட்டாவைக் கழற்றி வைத்தாயிற்றா, பின்னலை மடித்துக் கட்டியாயிற்றா, வளையல், கைக்கயிறு, தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாம் போய்விட்டதா, காலில் ஷூ இருக்கிறதா, கண்ணாடி போட்டாயிற்றா. சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை அணியக் கூடாது; துணி சுற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுக்கும். துளையிடும் துண்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள் அல்லது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

உளிக்கு ஒரே விதி: இரண்டு கையும் நுனிக்குப் பின்னால். இதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

## காயம் பட்டால்

வெட்டுக்காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ வைக்க ஓடிவருவார்கள்; வைக்க விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தச் சொல்லுங்கள். நடுவில் திறந்து பார்த்தால் ரத்தம் மறுபடி வரும். நிற்காவிட்டால் 108. துரு, அழுக்குப் பட்ட காயமானால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணில் தூசி விழுந்தால் கசக்கக் கூடாது, தண்ணீரால் கழுவுங்கள். குத்தி நிற்கும் சிராயை நீங்கள் எடுக்க முயலாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னோர் ஆபத்து பலருக்குத் தெரியாது. ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்து நன்றாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

## மழைக்கும் விடுமுறைக்கும் முன்

ஐப்பசி மழை தொடங்குமுன்னும், கோடை விடுமுறைக்குப் பூட்டுமுன்னும் ஒரு பாடவேளையை இதற்கே ஒதுக்குங்கள். உளி, இழைப்புளித் தகடு, ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூசச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும் என்பதால் அது வேண்டாம். இழைப்புளித் தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வைஸின் தாடையை ஒரு நூல் திறந்து விடுங்கள். டிரில் பேட்டரிகளைக் கழற்றி, பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மர அடுக்கின் செங்கற்களில் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துச் சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள்.